ஆடும் கண்ணும் ஆடாத மனமும்



என் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பெண்டுலம்’ என்றால் உடனே தெரியும்! முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் வைத்த பெயர்தான். பிறந்ததிலிருந்தே என் கண்கள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். மருத்துவத்தில் இதற்கு நிஸ்டாக்மஸ் என்று பெயர். ‘உலகமே ஆடுற மாதிரி தெரியுமாடா?’ என்பீர்கள். தெரியாது. பிறவியிலேயே இருப்பதால் மூளை பழகிவிட்டது. ஆனால் வெர்னியர் கோடுகள் மட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டால்தான் எனக்கு எழுத்து தெளிவாகத் தெரியும். இரண்டாம் ஆண்டுத் தேர்வில் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் வந்து, ‘பக்கத்துப் பேப்பர்ல என்ன பார்வை?’ என்று விடைத்தாளைப் பிடுங்கிவிட்டார். விளக்கிச் சொல்லித் திரும்ப வாங்குவதற்குள் இருபது நிமிடம் போயிற்று. வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா பேசாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். ‘இதை அடகு வைச்சு லேசர் பண்ணிடலாம்பா. கண்ணாடியும் போயிடும், ஆட்டமும் நின்னுடும்.’

நானும் நம்பினேன். நூலகத்தில் தேடிப் படித்தேன். 1981-ல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரால் கருகாமல் செதுக்கிக் காட்டியவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்! நம்மவர் கண்டது நமக்கு உதவாமலா போகும்?

மருத்துவர் என் கண்ணைப் பரிசோதித்துவிட்டு உட்காரச் சொன்னார். ‘தம்பி, லேசர் கருவிழிப் படலத்தைச் செதுக்கி அதன் வளைவை மாத்தும். பவர்தான் குறையும். ஆட்டத்துக்கான உத்தரவு மூளையிலிருந்து வருது, அதை லேசர் தொடாது.’

‘கண் நகர்ந்தா கூடவே நகர்ற டிராக்கர் இருக்காமே சார்?’

‘இருக்கு. அதுக்கும் ஓர் எல்லை உண்டு. நீயும் ஒரே விளக்கை அசையாம பார்க்கணும். மையம் தப்பினா பார்வை இன்னும் மோசமாகும். ஆட்டம் குறைவா இருக்கிற சிலருக்குக் கண்ணைப் பிடிச்சு நிறுத்திச் செஞ்சிருக்காங்க. உனக்கு ஆட்டம் அதிகம், பவரோ மைனஸ் இரண்டுதான். கண்ணாடியே போதும்.’

சக்கில் ஜாப் ஆடினால் டூல் எவ்வளவு கூர்மையாக இருந்தென்ன? எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் கண் கலங்கியது.

மருத்துவர் விடவில்லை. ‘எந்தப் பக்கம் பார்த்தா ஆட்டம் அடங்குது?’ என்று சோதித்தார். கண் வலப்பக்கம் போகும்போது அடங்கியது. ‘இதுதான் உன் அமைதிப் புள்ளி. அதனாலதான் முகம் தானா இடப்பக்கம் திரும்புது. வகுப்புல இடது ஓரத்துல உட்காரு, போர்டு உனக்கு வலப்பக்கம் வந்துடும்.’ தலை திரும்பியே இருப்பதைச் சரிசெய்யக் கண் தசையில் செய்யும் அறுவை சிகிச்சை ஒன்றும் உண்டாம். தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம் என்றார். தேர்வுக்கென்று ஒரு சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்.

சங்கிலி அம்மா கழுத்துக்கே திரும்பியது. இப்போது வகுப்பில் இடது ஓர பெஞ்ச் என்னுடையது. தேர்வறையில் இடது சுவரோரம் இடம் தருகிறார்கள். முகம் திரும்பினால் சுவர்தான் தெரியும், அதைப் பார்த்து என்ன காப்பியடிக்க!

நண்பர்களே, கண்ணாடியைக் கழற்ற ஆசைப்படுவது தவறில்லை. பவர் நிலையாக நின்றுவிட்டதா, கருவிழிப் படலம் போதிய தடிமனா, உங்கள் கண்ணுக்கு இது பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லும் மருத்துவரும் நமக்கு நல்லதே செய்கிறார். நாளை நீங்கள் மேற்பார்வையாளராக நிற்கும்போது ஒருவன் தலையைத் திருப்பி எழுதினால், பேப்பரைப் பிடுங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்