மைக் மேல் குற்றமில்லை, அண்ணே

புதுச்சேரி
20 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் அவசரத்தில் "நீ அனுப்பின கார்டுலெஸ் மைக் இரையுதுண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். நீயும் உடனே "தூக்கிப் போடுடா, வேற செட் அனுப்புறேன்" என்றாய். அனுப்பிவிடாதே. மைக் நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததைப் போனில் சொன்னால் பாதிதான் விளங்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 16 மாலை வைத்திக்குப்பம் பக்கம் ஒரு சின்னக் கூடத்தில் கூட்டம். 1962இல் பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி ஊரை ஒப்படைத்த நாள் அல்லவா, தெருக்காரர்களாகச் சேர்ந்து ஒரு பெரியவரைப் பேச அழைத்திருந்தார்கள். எண்பதைத் தாண்டியவர். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தபோது, சின்னப் பையனாக அப்பாவோடு சைக்கிளில் போய் வெளியே நின்றவர். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அது புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தச் செய்தி வெளியே வந்தபோது ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர் வாயால் கேட்கத்தான் வந்திருந்தார்கள். அவர் குரலோ பஞ்சு. வாய்க்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்தால்தான் முதல் வரிசைக்கே எட்டும்.

ஐந்து மணிக்கு செட்டைப் போட்டேன். அப்பா செய்வாரே, மைக்கைத் திறந்து வைத்துவிட்டு, யாரையும் பேசவிடாமல் கடைசி வரிசையில் போய் நிற்பார். நானும் அப்படியே நின்றேன். நாகஸ்வரக்காரர் இன்னும் வாயில் வைக்கவில்லை, ஒத்து மட்டும் ஊதிக்கொண்டிருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு உம்ம்ம். விசில் இல்லை, ஸ்பீக்கரும் மைக்கும் பார்த்துக்கொண்டால்தான் விசில். கரகரப்பும் இல்லை, விட்டுவிட்டும் வரவில்லை. ரேடியோ அலையில் கோளாறு என்றால் புஸ்ஸென்று சீறும், இல்லையென்றால் குரல் அறுந்து அறுந்து வரும். ஒரே சுருதியில் நிற்கிற உறுமல் கரண்டிலிருந்துதான் வரும். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. ஸ்பீக்கரில் கேட்பது அந்த 50, அதன் இரட்டிப்பான 100, அதற்கு மேலுள்ள மடங்குகள்.

முதலில் மைக்கை அணைத்தேன். உறுமல் அப்படியே இருந்தது. அப்போதே எனக்குப் பாதி நிம்மதி. கையில் பிடிக்கும் மைக் இரண்டு பேட்டரியில் ஓடுகிறது, சுவரோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கரண்ட் இரைச்சல் அதற்குள் எப்படிப் போகும்? மிக்ஸரில், மைக்கின் குரலை வாங்கும் ரிசீவரின் பேடரை இறக்கினேன். நின்றது. ஆக, ஆம்ப், ஸ்பீக்கர் மீது குற்றமில்லை. அடுத்துதான் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. ரிசீவரின் முன்பக்கப் பொத்தானை அணைத்தேன், விளக்கும் அணைந்தது, உறுமல் மட்டும் போகவில்லை. ப்ளக்கை உருவியதும் சட்டென்று நின்றது. திரும்பச் சொருகினேன், வந்தது.

ஆடியோ ஒயரைக் கழற்றிவிட்டு ரிசீவர் உடம்பில் டெஸ்டரை வைத்தேன், மினுக்கென்று எரிந்தது. மீட்டரில் எர்த்துக்கும் அதற்கும் நடுவே நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. விரலை வைத்தால் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு குறுகுறுப்பு.

அப்போதுதான் ப்ளக்கைப் பார்த்தேன். உன் பிரான்ஸ் ப்ளக், அண்ணே. அங்கே எர்த் கம்பி சாக்கெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ப்ளக்கில் அதற்கு ஓர் ஓட்டை இருக்கும். இங்கே தலைகீழ், ப்ளக்கில்தான் தடித்த எர்த் பின். ஆனால் உன் ப்ளக்கின் இரண்டு பின்களுக்கும் இடையே 19 மில்லிமீட்டர், நம் ஐந்து ஆம்பியர் சாக்கெட்டிலும் ஏறக்குறைய அதே அளவு. தொளதொளவென்று என்றாலும் உள்ளே போய்விடுகிறது. அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230, செட்டும் எரிகிறது. எர்த் மட்டும் எங்கேயும் தொடுவதில்லை. இரண்டு மாதமாக இதைக் கவனிக்காமல் சொருகிக்கொண்டிருந்தவன் நான்.

ரிசீவருக்குள் கரண்ட் நுழையும் இடத்திலேயே, பொத்தானுக்கும் முன்னால், இரைச்சலை வடிகட்ட இரண்டு பொடிக் கண்டென்சர் இருக்கின்றன. ஒன்று பேஸிலிருந்து உடம்புக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து உடம்புக்கு. உடம்பு எர்த்தில் கட்டப்பட்டிருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் உடம்பு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், 230இல் பாதியில் தொங்கும். கசிவு ஒரு மில்லி ஆம்பியர்கூட வராது, ஆளைக் கொல்லாது. ஆனால் வெளியேற வழி தேடும். கிடைத்த ஒரே வழி, ரிசீவரிலிருந்து மிக்ஸருக்குப் போகும் ஒயரின் மேல் வலை. நான் போட்டிருந்தது சாதா இரண்டு கம்பி ஜாக், இருபது மீட்டர் நீளம். அந்த வலையேதான் குரல் திரும்பும் பாதையும். ஒரே பாதையில் பெரியவரின் குரலும் கரண்ட் கசிவும் சேர்ந்து நடந்தால் மிக்ஸருக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. கடல் காற்று தன் பங்குக்கு ஜாக்கைப் பச்சை பூக்க வைத்திருந்தது. அழுக்கு ஏற ஏற அந்த மூட்டில் தடை கூடும், தடை கூடக்கூட உறுமலும் கூடும். கடற்கரைப் பக்கம் தொழில் செய்கிறவன் மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஜாக்கையும் துடைக்க வேண்டும் என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னார். நான் மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

உன் ப்ளக்கை வெட்டிவிட்டு, பச்சை மஞ்சள் கம்பியைத் தேடி எடுத்து, நம் ஊர் த்ரீ பின் டாப் மாட்டினேன். குறுகுறுப்பு போயிற்று. உறுமல் போகவில்லை! குணம் மாறி, கொஞ்சம் குறைந்து, ஆனால் இருந்தது. இப்போது ரிசீவருக்கு மேடைச் சுவரின் எர்த், மிக்ஸருக்குக் கூடத்தின் பின்சுவரின் எர்த். இரண்டு எர்த்தும் ஒரே அளவில் நிற்பதில்லை. நடுவில் ஒயரின் வலை பாலம் போட்டதும் ஒரு வளையம் உண்டாகி, அதில் கரண்ட் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் என்னோடு வரும் பையன் கட்டிங் பிளேயரை எடுத்தான். "எர்த் பின்னை ஒடிச்சிட்டா போயிடும்ணே, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றான். அவன் சொன்னது நிஜம், ஒடித்தால் போய்விடும். அதனால்தான் இந்தத் தொழிலில் இத்தனை பேர் ஒடிக்கிறார்கள். நாளைக்கு ஆம்ப் உள்ளே ஒரு பேஸ் கம்பி நழுவி உடம்பைத் தொட்டால், பியூஸை எரிக்க வேண்டிய கரண்ட், ஒயர் மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் வழியாக இறங்கும். பிளேயரை அவன் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தேன். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, மேலே உனக்கு எழுதியதை அவனுக்கும் சொன்னேன். அவனுக்கு வயது பத்தொன்பது, யாரும் இதுவரை அவனிடம் சொன்னதில்லை.

பிறகு ஒன்று தோன்றியது. கம்பியில்லாத மைக்கின் ரிசீவர் மேடையில் ஏன் இருக்க வேண்டும்? எடுத்து வந்து மிக்ஸர் பக்கத்திலேயே, ஒரு ஸ்டூல் மேல் ஏரியல் இரண்டும் நிமிர்ந்து மேடையைப் பார்க்கும்படி வைத்தேன். இரண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டு, ஒரே எர்த். இருபது மீட்டருக்குப் பதில் ஒரு மீட்டர் ஒயர். ரிசீவர் பின்னால் மைக், லைன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது பார், அதை லைனில் தள்ளினேன். அங்கேயே சத்தம் பெரிதாக வந்துவிடுவதால் மிக்ஸரில் கெயினைப் பாதிக்கு மேல் இறக்க முடிந்தது. மறுபடி கடைசி வரிசைக்குப் போய் நின்றேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், வெளியே, அலைச் சத்தம் கேட்டது.

பெரியவர் நாற்பது நிமிஷம் பேசினார். வாக்கு முடிவு வெளியே வந்ததும் தன் அப்பா ஒன்றும் பேசாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுததைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். கூடத்தில் ஒரு சத்தமில்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. உன் மைக் அவர் மூச்சைக்கூடக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோயிற்று.

நேற்று மூன்று கம்பி ஒயரில் இரண்டு முனையிலும் மூன்று பின் கேனன் வைத்து ஈயம் பிடித்துவிட்டேன். அதில் குரல் இரண்டு கம்பியில் எதிரெதிராகப் போகும், வலை வெறும் காவல்தான். வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால் மிக்ஸர் அதைக் கழித்துவிடும். இனி ரிசீவரை மேடையில் வைக்க நேர்ந்தாலும் பயமில்லை.

நீ அங்கே பாரிஸில் லா ஷாப்பெல் பக்கம் கடைக்குப் போனால் புது செட் எதையும் பார்க்காதே. நல்ல கேனன் பின் ஆண் நாலு, பெண் நாலு வாங்கி வை, வரும்போது எடுத்து வா. அண்ணி வீட்டுக்கு அனுப்பிய மிக்ஸியும் அதே ப்ளக் என்று அத்தை சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை டாப் மாற்றிக் கொடுத்துவிட்டு வருகிறேன். பொங்கலுக்கு வருகிறாயா, வைகாசிக்கா என்று அம்மா தினமும் கேட்கிறாள். எழுது.

அன்புத் தம்பி