பலெர்மோ: தங்கிவிட்ட உணவும் கேட்க வேண்டிய கேள்வியும்

ஐரோப்பியப் பயணம் என்றதும் நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்பதுதான். பெட்டியில் பாதி இடத்தை ஊறுகாயும் பருப்புப்பொடியும் இடியாப்ப மாவும் பிடித்துக்கொள்கின்றன. அவை தீர்ந்தபின் கெபாப் கடையைத் தேடி அலைகிறோம். இப்படியே பத்து நாள் கழித்துத் திரும்பினால், போன ஊரின் மண்ணில் விளைந்த ஒன்றையும் நாம் ருசிபார்த்திருக்க மாட்டோம்.

பேணுதலை விட்டுவிடாமலே ஓர் ஊரின் மரபான உணவை உண்ண முடியாதா? சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் குடும்பத்தோடு தங்கியிருந்த நாட்களில் இதற்கு எங்களுக்கு விடை கிடைத்தது. முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். அந்த விவரங்களைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

பலெர்மோ ஏன்?

827இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம்கள் சிசிலியில் இறங்கினர். 831இல் பலெர்மோ அவர்கள் வசமானது. 1072இல் நார்மானியர் கைப்பற்றும் வரை, ஏறத்தாழ 240 ஆண்டுகள், அது ஒரு முஸ்லிம் நகரமாக இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த பயணி இப்னு ஹவ்கல், நகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதினார். அவ்வூரார் வெங்காயத்தை அளவின்றித் தின்கிறார்கள் என்றும் குறைபட்டுக்கொண்டார்.

அம்மக்கள் கொண்டுசென்ற நீர்ப்பாசன முறைகளும் பயிர்களும் தீவின் வேளாண்மையை மாற்றின. எலுமிச்சை, கசப்பு நாரத்தை, கரும்பு, கத்தரி, நெல் ஆகியவை அங்கே பரவின. சிசிலி விவசாயி தன் தோட்டத்து நீர்த்தொட்டியை இன்றும் 'ஜெப்பியா' என்கிறார். அது 'ஜாபியா' என்ற அரபுச் சொல். இத்தாலியர் ஆரஞ்சை 'அராஞ்சா' என்பதும் 'நாரஞ்ச்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. அதன் வேர் திராவிட மொழிகளில் இருப்பதாக மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். நம் நாரத்தை அரபுக் கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது!

எனவே பலெர்மோவின் உணவு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஆயினும் 'அரேபியர் வழி வந்தது' என்ற ஒன்றை மட்டும் நம்பி எதையும் வாயில் வைத்துவிடவும் கூடாது. காரணத்தை மேலே சொல்கிறோம்.

சந்தைகளில் உண்ணத்தக்கவை

மரபான உணவுக்குப் பெரிய உணவகங்களைத் தேட வேண்டியதில்லை. பழைய நகரின் பல்லாரோ, காப்போ ஆகிய தெருச் சந்தைகளே போதும். காலையில் சென்றால் மீன், காய்கறி, ஆலிவ், கேப்பர் மொட்டுகள் ஆகியவற்றின் நடுவே பொரியல் கடைகளும் சுடச்சுட இயங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் உண்ண வேண்டியது பனெல்லே. கொண்டைக்கடலை மாவை நீரும் உப்பும் சேர்த்துக் களியாகக் கிண்டி, பார்ஸ்லி இலை தூவி, மெல்லிய தகடாகப் பரப்பி, ஆறியபின் வெட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். எள் தூவிய ரொட்டியைப் பிளந்து நடுவில் வைத்து, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். பஜ்ஜி தின்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையே இருக்கவில்லை. இதில் இறைச்சியும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை. அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கப்படுகிறது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முதிய கடைக்காரர் எங்கள் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய்ச் சட்டியருகே எங்களை அழைத்து, பனெல்லேயும் உருளைக்கிழங்கு உருண்டையும் தவிர வேறொன்றும் அதில் விழுவதில்லை என்று சைகையாலேயே விளக்கினார்.

அடுத்தது ஸ்ஃபிஞ்சோனே. தடித்த மெத்தென்ற ரொட்டியின் மேல் தக்காளி, வெங்காயம், நெத்திலி வகை மீன், பாலாடைக்கட்டி, ரொட்டித்தூள் ஆகியவை பரப்பப்பட்டிருக்கும். நம்மூர் லோடு ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டிகளில் ஒலிபெருக்கியில் கூவியபடி விற்று வருவார்கள். பாலாடைக்கட்டியை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் பயன்படுவதால், அது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் பின்பற்றும் ஆலிமின் வழிகாட்டலைக் கேட்டுத் தெளிவது நல்லது.

சந்தையில் வேகவைத்து வெட்டித் தரும் ஆக்டோபஸ் இன்னொரு மரபு உணவு. நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்போமே, அதுவேதான். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோருக்குத் தடையில்லை. மீனல்லாத கடல் உயிரினங்களை ஹனஃபி மத்ஹபு அனுமதிப்பதில்லையாதலால், அவர்கள் பக்கத்துத் தட்டில் இருக்கும் மீனை எடுத்துக்கொள்ளலாம்.

இனித் தவிர்க்க வேண்டியவை. பலெர்மோவின் புகழ்பெற்ற ரொட்டி, 'பானி கா மேவுசா'. கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் அவித்து, பன்றிக்கொழுப்பில் வதக்கி, ரொட்டியில் வைத்துத் தருவது. ஆட்டுச் சுவரொட்டியை விரும்பி உண்ணும் நம்மவர்க்கு அதன் மணமே ஆசையூட்டும். பலெர்மோவின் யூதக் கசாப்புக்காரர்களே இதைத் தொடங்கினர் என்பது அவ்வூரில் வழங்கும் கதை. 1492ஆம் ஆண்டு ஆணையால் யூதர்கள் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பன்றியைத் தொடாத மக்களின் பெயரால் வழங்கும் உணவு இன்று பன்றிக்கொழுப்பில் வேகிறது!

அராஞ்சீனா என்ற பொரித்த சோற்றுருண்டையிலும் எச்சரிக்கை தேவை. குங்குமப்பூ நிறத்துச் சோற்றுக்குள் வழக்கமாக இறைச்சிக் கூட்டு இருக்கும். 'வெண்ணெய்' வகை என்று எழுதியிருப்பதைச் சைவம் என்று எண்ணிவிடக் கூடாது. பலெர்மோவில் அதனுள் பொதுவாகப் பன்றி ஹாம் வைக்கிறார்கள். கீரை வைத்த வகையும் சில கடைகளில் உண்டு. எதில் பொரித்தது என்று கேட்டுவிட்டு அதை வாங்கலாம்.

மேசையில் அமர்ந்து உண்ண

சிறு குடும்ப உணவகங்களில் கேட்டு உண்ண வேண்டியது மத்திமீன் பாஸ்தா, 'பாஸ்தா கோன் லெ சார்தே'. மத்தி, காட்டுப் பெருஞ்சீரக இலை, உலர்திராட்சை, பைன் பருப்பு, குங்குமப்பூ, மேலே வறுத்த ரொட்டித்தூள். மீனும் உலர்திராட்சையும் ஒரே தட்டிலா என்று முதலில் முகம் சுளித்த எங்கள் வீட்டுப் பெரியவர், பிரியாணியில் திராட்சை போடுவோமே என்று தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு தட்டைக் காலிசெய்தார். பாஸ்தாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. பலெர்மோவில் நார்மானிய அரசர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் தம் புவியியல் நூலை நிறைவுசெய்த அல்-இத்ரீசி, அருகிலுள்ள திராபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' எனும் மாவிழைகள் பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பலேறியதைப் பதிவுசெய்திருக்கிறார்.

கத்தரிக்காயைப் பொரித்து, செலரி, ஆலிவ், கேப்பர், தக்காளியோடு புளிப்பும் இனிப்புமாகச் சமைக்கும் கப்போனாத்தா இன்னொரு சுவை. இதில் சேரும் காடி பெரும்பாலும் திராட்சை மதுவிலிருந்து வருவது. தானாகவே காடியாக மாறியது ஆகுமானது. எதையேனும் சேர்த்து மாற்றப்பட்டதை ஹனஃபிகள் அனுமதிக்கின்றனர், ஷாஃபிஈகள் அனுமதிப்பதில்லை.

மேற்கே திராப்பனி வரை செல்வோர் மீன்சாறு ஊற்றிய குஸ்குஸை அவசியம் உண்ண வேண்டும். வட ஆப்பிரிக்காவின் அன்றாட உணவு, கடலுக்கு இக்கரையில் அதே பெயரோடு வழங்குகிறது. சாற்றில் மது சேர்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

இறைச்சி இன்றி இருக்க முடியாதவர்களுக்காக, வட ஆப்பிரிக்கரும் வங்காளதேசத்தாரும் நடத்தும் ஹலால் இறைச்சிக் கடைகள் பல்லாரோ பகுதியில் உண்டு. சமையலறையுள்ள வீட்டில் தங்கினால் வாங்கிச் சமைக்கலாம். பழைய நகரில் முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடம் இன்று பள்ளிவாசலாக இயங்குகிறது. ஜும்ஆவுக்குக் குறையில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இனிப்புகள்

கன்னோலோ என்ற இனிப்புக் குழலின் ஓடு மரபுப்படி பன்றிக்கொழுப்பில் பொரிக்கப்படுவது. மாவில் மார்சாலா என்ற மதுவும் சேரும். எனவே நாங்கள் அதைத் தொடவில்லை. கஸ்ஸாத்தா என்ற பெயர் 'கஸ்ஆ' எனும் அரபுக் கிண்ணத்திலிருந்து வந்தது என்பார்கள். அதன் கேக்கையும் மதுவில் நனைப்பவர்கள் உண்டு.

ஆனால் இனிப்புக்குப் பஞ்சமில்லை. எலுமிச்சை, பாதாம் கிரனீத்தா கோடைக்கு ஏற்றது. பாதாமும் சர்க்கரையும் பிசைந்து பழ வடிவில் செய்யும் மார்த்தொரானா பிள்ளைகளை மயக்கிவிடும். தேனும் எள்ளும் சேர்ந்த 'குப்பாய்த்தா' நம் எள்ளு மிட்டாயேதான். கோடையில் கிடைக்கும் 'ஜெலோ தி மெலோனே', தர்ப்பூசணிச் சாற்றை மாவுப்பசை சேர்த்து உறையவைத்து, மல்லிகை மணமூட்டியது. ஜெலட்டின் இல்லை. நோன்பு திறக்க நாம் வைக்கும் கடற்பாசியை அது எங்களுக்கு நினைவூட்டியது.

கேட்க வேண்டிய சொற்கள்

பல்லாரோவில் கறிவேப்பிலை விற்கும் யாழ்ப்பாணத்துச் சகோதரர் ஒருவர் எங்களைக் கண்டதும் விசாரித்தார். "நீங்கள் முஸ்லிம் ஆக்களோ? அப்ப வாங்க முந்தி, ஸ்த்ருத்தோ இருக்கோ எண்டு கேளுங்கோ" என்றார். ஸ்த்ருத்தோ என்றால் பன்றிக்கொழுப்பு. அந்த ஒரு சொல் எங்களுக்கு வழிகாட்டி நூல்களைவிட அதிகம் உதவியது. ரொட்டி மாவிலும் அது சேரக்கூடும் என்பதால் ரொட்டிக்கும் இந்தக் கேள்வி உண்டு. அதோடு மயாலே (பன்றி), ப்ரோஷூத்தோ (ஹாம்), வீனோ (மது), லிகோரே (இனிப்பு மது) ஆகியவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். 'ச்சே ஸ்த்ருத்தோ?' என்றால் 'அது இருக்கிறதா?' 'சென்ஸா வீனோ' என்றால் 'மது இல்லாமல்'.

'இறைச்சி இல்லை' என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். ஓர் உணவகத்தில் பரிமாறியவர் அப்படித்தான் சொன்னார். பெயர் சொல்லிக் கேட்டபோது, "ஹாம் மட்டும் சிறிது உண்டு" என்றார். ஏமாற்றும் எண்ணம் அவரிடம் இல்லை. அவருடைய வழக்கில் ஹாம் இறைச்சிக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். நன்றி சொல்லி எழுந்து வந்தோம்.

இப்படிக் கேட்பதைச் சிலர் கூச்சமாக எண்ணுகிறார்கள். சந்தேகமானதை விட்டு விலகுமாறு நமக்குக் கற்றுத்தந்தவர் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அதைப் புன்னகையோடும் கனிவோடும் செய்தால் யாரும் நம்மை வெறுப்பதில்லை. பலெர்மோக்காரர்களுக்குத் தம் உணவைப் பற்றிப் பேசுவது பெருமகிழ்ச்சி. நாம் கேட்ட ஒரு கேள்விக்குப் பத்து விவரங்கள் சொன்னார்கள்.

தங்கியதும் தங்காததும்

பலெர்மோப் பேராலயத்தின் தெற்கு முகப்பில் ஒரு தூண் இருக்கிறது. அதில் அல்அஃராஃப் அத்தியாயத்தின் வசனம் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் முன்னே நெடுநேரம் நின்றோம். ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில் 1184இன் இறுதியில் சிசிலிக் கரையில் கப்பலுடைந்து, பின் பலெர்மோவுக்கு வந்த இப்னு ஜுபைர், அங்கே முஸ்லிம்கள் இன்னும் தொழுதுகொண்டிருந்ததையும், சிலர் தம் ஈமானை மறைத்து வாழ்ந்ததையும் கண்டார். அடுத்த நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் சிசிலி முஸ்லிம்களைப் பெயர்த்தெடுத்து லுச்சேரா என்ற ஊரில் குடியேற்றினார். 1300இல் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டு, பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

அம்மக்களின் கத்தரிக்காய் அங்கே இருக்கிறது, நாரத்தையும் குஸ்குஸும் இருக்கின்றன. பாங்கோசை பல நூற்றாண்டுகள் இல்லாமல் போயிற்று. உணவுக்குக் காவல் வேண்டியதில்லை. ருசியாக இருந்தால் யார் ஆண்டாலும், யார் போனாலும் அது தங்கிவிடும். பன்றிக்கொழுப்பு சேர்ந்தாலும் பழைய பெயரோடே வழங்கும். ஈமான் அப்படித் தங்குவதில்லை. அதைக் காப்பவர் இருந்தால்தான் அது இருக்கும்.

அன்றைய முஸ்லிம்களைப் போல் நாம் வாளுக்கும் நாடுகடத்தலுக்கும் முன்னே நிற்கவில்லை. நம் முன்னே இருப்பது ஒரு பொரியல் கடையும் நம் பிள்ளைகளும் மட்டுமே. நாம் கேட்காமல் வாங்கினாலும் அவர்கள் பார்க்கிறார்கள். கேட்டு வாங்கினாலும் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் எங்கள் எட்டு வயது மகள் எங்களை முந்திக்கொண்டு கடைக்காரரிடம் "ச்சே ஸ்த்ருத்தோ?" என்றாள். நம் வீட்டு வட்டலப்பமும் நோன்புக் கஞ்சியும் அவளுடைய பேரப்பிள்ளைகளிடம் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடும். அவற்றோடு பிஸ்மில்லாஹ்வும் இந்தக் கேள்வியும் போய்ச் சேர வேண்டும். அல்லாஹ் நம் சந்ததிகளை ஈமானிலும் ஹலாலான உணவிலும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.