நேவியா, மெர்ச்சன்ட் நேவியா? ஒரு தூத்துக்குடி வீட்டின் கணக்கு

தூத்துக்குடியில் ‘பையன் கப்பல் வேலைக்குப் போறான்’ என்று சொன்னால் யாரும் அதோடு விடமாட்டார்கள். ‘நேவியா, மெர்ச்சன்ட் நேவியா?’ என்பதுதான் அடுத்த கேள்வி. இரண்டிலும் வெள்ளைச் சீருடை, தோளில் பட்டை. மற்றபடி ஒன்று ராணுவம், இன்னொன்று சரக்குப் போக்குவரத்து.

துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவரின் வீட்டில் இரண்டு மாதமாக இதே பேச்சு. மகன் பிளஸ் டூ முடித்தவன். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு எழுதி, ஓராண்டு நாட்டிக்கல் சயின்ஸ் டிப்ளமோவுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜே.இ.இ. மெயின் ரேங்க்கை வைத்து இந்தியக் கடற்படையின் பி.டெக் கேடட் திட்டத்துக்கும் விண்ணப்பித்திருந்தான். சிக்கல் தேதியில் வந்தது. டிப்ளமோவுக்கு ஆகஸ்ட்டில் பணம் கட்ட வேண்டும். எஸ்.எஸ்.பி. என்ற கடற்படைத் தேர்வோ அதற்குப் பிறகுதான்.

டிப்ளமோவுக்கு லட்சங்களில் செலவு. அம்மாவின் வளையல்களை அடகு வைத்தால் சரியாக வரும் என்று கணக்குப் போட்டார்கள். செலவு அதோடு முடிவதில்லை. படித்த பிறகு 18 மாதம் கேடட்டாகக் கப்பலில் இருந்தால்தான் செகண்ட் மேட் தேர்வு எழுத முடியும். அந்தக் கப்பல் கிடைக்க எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை சீட் வாங்கித் தருகிற ஆட்கள் சொல்ல மாட்டார்கள். ஷிப்பிங் கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப் இருப்பவனுக்குக் கவலையில்லை. இவனிடம் அது இல்லை. கடற்படை என்றால் கேரளத்தின் எழிமலை அகாடமியில் நான்கு வருஷம் பி.டெக். படிப்பு, சாப்பாடு, துணி எல்லாம் அவர்கள் செலவு. முடித்தால் சப்-லெப்டினன்ட்.

தாய்மாமன் சரக்குக் கப்பலில் போசன். டெக் ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. லீவில் வந்தவரிடம் எல்லோரும் சம்பளத்தைத்தான் கேட்டார்கள்.

“நல்ல சம்பளம்தான் மருமவனே. ஆனா கான்ட்ராக்ட் முடிஞ்சு வீட்டுல கெடக்கிற மாசம் எனக்குச் சம்பளம் கிடையாது. நேவில லீவுக்கும் சம்பளம் உண்டு, குடும்பத்துக்கு குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி உண்டு. ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. பிடிக்கலைன்னா நான் அடுத்த கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட மாட்டேன். அங்க நீ நெனச்ச நேரம் விட்டுட்டு வர முடியாது.”

இந்தக் கடைசி விஷயத்தைப் பேசுகிற வீடுகள் குறைவு.

அப்பாவுக்கு வேறு பயம். “சண்டைன்னு வந்தா?”

மாமா 2024 மார்ச்சில் நடந்ததைச் சொன்னார். ஏடன் வளைகுடாவில் ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ என்ற சரக்குக் கப்பலை ஏவுகணை தாக்கியது. மூன்று மாலுமிகள் இறந்தார்கள். தப்பிய 21 பேரை மீட்டது நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். கொல்கத்தா. சரக்கு ஏற்றிப் போனவர்களுக்குத்தான் அன்று உயிர் போனது.

“அப்ப ரெண்டுலயும் பயந்தானே தம்பி” என்று அம்மா எழுந்து போய்விட்டார்.

முடிவைச் சொன்னது பையன்தான். பணம் கட்ட வேண்டாம். ஊரிலேயே பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்துகொள்கிறேன், எஸ்.எஸ்.பி.க்குப் போகிறேன், அது கைகூடாவிட்டால் அடுத்த வருஷம் ஸ்பான்சர்ஷிப்போடு டிப்ளமோ பார்க்கலாம் என்றான். கிடைத்த சீட்டை விடுகிறானே என்று மாமாவுக்கு வருத்தம்.

“பிடிக்கலைன்னா வந்துரலாம்னு நீங்க சொல்றீங்க. வளையல அடகு வச்சுட்டுப் போனா எப்படி மாமா வர முடியும்? அதுக்கு நேவியே தேவலை.”

மாமா பதில் சொல்லவில்லை. கடன் அடையும்வரை பிடிக்காத கப்பல்களில் கையெழுத்துப் போட்ட வருஷங்கள் அவருக்கும் உண்டு.

எஸ்.எஸ்.பி. பெங்களூரில், ஐந்து நாள். முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிறப்பார்வை சரியாக இருக்கிறதா என்று கண் டாக்டரிடம் இப்போதே பார்த்துவிட்டான். கடற்படைக்கும் சரக்குக் கப்பலின் டெக் வேலைக்கும் அது கட்டாயம். முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைக் கடற்படையே திருப்பித் தரும் என்று கேட்டதும், “டிக்கெட்டைப் பத்திரமா வச்சுக்கோடா” என்றார் அம்மா.