வெண்பனியும் செந்தீயும்

நாட்காட்டித் தாள்களில் அந்தக் கோட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், தோழர்களே! பனி போர்த்த மலை. அதன் மடியில் பால்நிறச் சுவர். விண்ணைக் குத்தும் ஊசிக் கோபுரங்கள். முடிதிருத்தகச் சுவரிலும், வட்டிக்கடைக் கூடத்திலும் ஆண்டு முழுவதும் தொங்கும் படம். அந்தப் படம் பிறந்த மண்ணை நேரில் காணும் வாய்ப்பு சென்ற அரையாண்டு விடுமுறையில் எனக்குக் கிட்டிற்று. மியூனிக் நகரில் பொறியாளராகப் பணிபுரியும் என் அண்ணன் பயணச்சீட்டு அனுப்பி அழைத்தார். அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரு சிறிய காரில், தென் ஜெர்மனியின் வூர்ஸ்புர்க் நகரிலிருந்து ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஃபூசன் வரை, ஏறத்தாழ 460 கிலோமீட்டர் சென்றோம். 'ரொமான்டிக் சாலை' என்று அதற்குப் பெயர். பழமையான பெயர் என்று எண்ணிவிடாதீர்கள், 1950-இல் சூட்டியது. போரில் நொறுங்கிய நாட்டுக்கு வெளிநாட்டார் பணம் வேண்டியிருந்த காலம் அது. பெயர் வைத்தவர்கள் வாணிபம் அறிந்தவர்கள்!

வழியெங்கும் வெண்மை. வயல் வெண்மை, கூரை வெண்மை, இலையுதிர்ந்த மரத்தின் கிளையிலும் வெண்மை. மாலை நான்கரை மணிக்கெல்லாம் இருள் வந்து கவிந்துவிடும். விடியுமுன்பே வண்டிகள் வந்து பனியை ஒதுக்கி, உப்புத் தூவிவிட்டுப் போகின்றன. பனிக்காலத்துக்குரிய டயர் பூட்டாமல் வழுக்கும் சாலையில் வண்டியோட்டுவது சட்டப்படி குற்றம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டால் போதும் என்று அந்த நாட்டுச் சட்டம் கருதவில்லை. (அண்ணன் கார் வாங்கிய நாளில் எலுமிச்சம்பழம் தேடி அண்ணி அலைந்த கதை தனிக்கதை. அவரும் இந்த ஏட்டைப் படிப்பவர். ஆகவே இங்கே வேண்டாம்.)

வூர்ஸ்புர்க்கில் ஒரு காலத்தில் ஆயரே அரசர். ஒரு கையில் சிலுவை, மறு கையில் செங்கோல். குன்றின்மேல் மரியன்பெர்க் கோட்டையிலிருந்து ஆண்டவர்கள், 1720-இல் கீழே நகரத்துக்குள் பெரியதோர் அரண்மனை எழுப்பத் தொடங்கினார்கள். அதன் படிக்கட்டு மண்டபத்தின் விதானத்தில், இத்தாலிய ஓவியர் டியெப்போலோ 1752, 53-ஆம் ஆண்டுகளில் நான்கு கண்டங்களைத் தீட்டினார். தூணே இல்லாத விதானம்; 600 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட ஓவியம். 1945 மார்ச் 16 இரவு குண்டு வீச்சில் நகரம் எரிந்து சாம்பலானபோதும் அந்த விதானம் விழவில்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். அமெரிக்கா ஒரு பெண், முதலைமேல் அமர்ந்திருக்கிறாள். ஆப்பிரிக்கா ஒட்டகத்தின்மேல். நம் ஆசியா யானைமேல். ஐரோப்பா மட்டும் அரியணையில்! மனிதரை மேல் கீழ் என்று அடுக்கிவைக்க வேதம்தான் வேண்டுமென்பதில்லை; வண்ணமும் தூரிகையும் போதும். ஆயினும் அழகு அழகுதான். அதை மறுப்பது நேர்மையன்று.

அந்த அரண்மனைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, அதே ஆயர் ஆட்சியில், 1626 முதல் 1631 வரை, சூனியம் செய்தார்கள் என்று நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். அவர்களில் சிறுவரும் சிறுமியரும் உண்டு. எப்படிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது? வதைத்தார்கள். ஒப்புக்கொண்டால் சூனியக்காரி. ஒப்புக்கொள்ளாவிட்டால், வாயைக் கட்டியவன் சாத்தான். ஆகவே அப்போதும் சூனியக்காரி! உன்னோடு இருந்தவர் யார் என்று மீண்டும் வதைத்தார்கள். வலி தாங்காமல் ஒருத்தி அண்டைவீட்டுக்காரியின் பெயரைச் சொன்னாள். அவளும் தன் பங்குக்கு ஒரு பெயரைச் சொன்னாள். இந்த வஞ்சக வட்டத்தை வெட்டவெளிச்சமாக்கி 1631-இல் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஃபிரீட்ரிக் ஷ்பே. ஏசு சபைப் பாதிரியார். ஆம், பாதிரியார்தான்! நூலில் தம் பெயரைப் போட அவருக்குத் துணிவில்லை. ஆனால் எழுதத் துணிவிருந்தது. அங்கி அணிந்தவர் என்பதற்காக அவருக்குரிய புகழை நாம் குறைக்கவேண்டாம். அதே வூர்ஸ்புர்க்கில்தான் 1895 நவம்பர் 8 அன்று ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். உடலுக்குள் புகுந்து பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு வழி தெரிந்தது; வதைக்கூடத்துக்குத் தெரிந்தது எலும்பை நொறுக்க மட்டுமே.

ரோத்தன்புர்க்கைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள், கல் பாவிய தெரு, மதில். பொம்மைக் கடையே ஊரானதுபோல் இருந்தது. பயணிகள் படமெடுத்துத் தள்ளுகிறார்கள். அந்தப் பொம்மை ஊர் 1520-இல் யூதரைத் துரத்திற்று. 1938 அக்டோபரில் எஞ்சியிருந்தவர்களையும் துரத்திற்று. மூன்றரை நூற்றாண்டு கழித்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் அவர்கள். நாடெங்கும் யூதர் கோவில்கள் கொளுத்தப்பட்ட நவம்பர் இரவுக்குக்கூட அந்த ஊர் காத்திருக்கவில்லை!

என்னை நிறுத்திவைத்த ஊர் நேர்ட்லிங்கன். விண்கல் தோண்டிய குழிக்குள் அமைந்த ஊர் அது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த கல். 25 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம். எரிமலை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1960-இல் ஷூமேக்கர் என்ற அமெரிக்க அறிஞர் அங்குள்ள பாறையை எடுத்துச் சோதிக்கச் செய்தார். பேரழுத்தத்தில் மட்டுமே உருவாகும் ஒருவகைப் படிகம் அதில் இருந்தது. விண்கல் என்பது உறுதியாயிற்று. நிலவில் எந்தக் கல்லைப் பொறுக்குவது என்று பழக, 1970-இல் அப்போலோ 14 வீரர்கள் அங்கு வந்தார்கள். வானத்திலிருந்து விழுந்தது என்று தெரிந்திருந்தால் நம்மூரில் அந்தப் பாறைக்குக் கோவில் கட்டியிருப்பார்கள் என்றேன். "அங்கே பார் தம்பி" என்று அண்ணன் 90 மீட்டர் உயரக் கோபுரத்தைக் காட்டினார். அந்தப் பாறையை வெட்டித்தான் தேவாலயமே கட்டியிருக்கிறார்கள்!

அந்த ஊரில் 1589-க்கும் 1598-க்கும் இடையே 35 பேரைச் சூனியத்தின் பெயரால் எரித்தார்கள். ஒருவர் தவிர அனைவரும் பெண்கள். நகராட்சிக் கணக்கரின் மனைவி ரெபெக்கா லெம்ப் சிறையிலிருந்து கணவனுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. வதை தாளாமல் செத்துப்போக ஏதேனும் அனுப்புங்கள் என்று கேட்டாள் அந்தத் தாய். 1590-இல் எரித்தார்கள். மூன்றாண்டு கழித்து, விடுதி நடத்திய மரியா ஹோல் என்பவளைப் பிடித்தார்கள். 62 முறை வதைத்தார்கள், தோழர்களே! ஒருமுறையன்று, இருமுறையன்று, 62 முறை! அவள் ஒப்புக்கொள்ளவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல அந்த நாவு மறுத்துவிட்டது. அவளுடைய சொந்தபந்தம் இருந்த உல்ம் நகரமும் பரிந்து பேசிற்று. 1594-இல் விடுவித்தார்கள். அவளுக்குப் பிறகு அந்த ஊரில் தீ மெல்ல அடங்கிற்று. படித்த நீதிபதிகளும் பட்டம் பெற்ற சட்ட அறிஞர்களும் சாத்தானைத் தேடிக்கொண்டிருந்த மன்றத்தில், ஒரு விடுதிக்காரியின் 'இல்லை' என்ற சொல் செய்த வேலை அது. சந்தைத் திடலில் அவள் பெயரால் ஒரு நீரூற்று இருக்கிறது. பனிக்காலமாதலால் தண்ணீரில்லை. குளிரில் நின்றுகொண்டேயிருந்தேன். அண்ணி வந்து சால்வையைத் தோளில் போட்டு, "போகலாம் வாங்க" என்றார்.

நான் ஏன் அங்கே நின்றேன் என்பதைச் சொல்லவேண்டும். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற ஆவணியிலிருந்து யாரோடும் பேசாமல் கடைசி இருக்கையில் அமர்கிறாள். தெருவில் ஒருவர் வீட்டுப் பசு இறந்தது. மற்றொரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். 'ஏவல் வைத்தவள்' என்று அவளுடைய கைம்பெண் பாட்டியின்மேல் பழி விழுந்தது. குழாயடியில் குடத்தைத் தள்ளிவைத்தார்கள். பிள்ளைகளை அந்த வீட்டுப் பக்கம் போகவேண்டாம் என்றார்கள். தீ மூட்டவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. தீ மூட்டும் இடங்களும் நம் நாட்டில் உண்டு. அதனால்தான் பிகார் 1999-இலும் அசாம் 2015-இலும் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. அசாமில் ஊர் ஊராய்ச் சென்று இத்தகைய பெண்களைக் காத்த பிருபாலா ராபா 2024-இல்தான் மறைந்தார்.

ஔக்ஸ்பூர்க்கில் ஒரு வேளை தங்கினோம். பேரரசரைத் தேர்ந்தெடுக்கவே கடன் கொடுத்த வணிகர் யாக்கோபு ஃபுக்கர், ஏழைகளுக்கென்று 1521-இல் கட்டிய குடியிருப்பு அங்கே இன்றும் இருக்கிறது. ஆண்டு வாடகை 88 சென்ட். ஒரு யூரோ கூட இல்லை! கத்தோலிக்கராக இருக்கவேண்டும், நாள்தோறும் ஃபுக்கர் குடும்பத்துக்காக மூன்று வேண்டுதல் செய்யவேண்டும். வட்டித் தொழிலில் ஊறியவர் மறுமைக்கும் வட்டி கேட்டார். வீடென்னவோ நல்ல வீடு. குளிருக்கு அடக்கமாக இருந்தது.

கடைசியாக அந்த நாட்காட்டிக் கோட்டை. நொய்ஷ்வான்ஸ்டைன்! கீழே ஆல்ப்சே ஏரி, மேலே மலைகள், பைன் மரங்களின் தோளில் பனிச்சுமை. ஒரு கிளை முறிந்து பனி சரிந்தபோது எழுந்த ஓசையைத் தவிர வேறு ஓசையில்லை. பாவேரிய மன்னன் இரண்டாம் லுட்விக் 1869-இல் தொடங்கியது. 1866 போரில் பிரஷ்யாவிடம் தோற்று, அதிகாரம் தேய்ந்துபோன மன்னன் கல்லில் கட்டிய கனவு. நாடக மேடைக்குத் திரை தீட்டுபவர் அதற்கு வடிவம் வரைந்தார். இடைக்காலக் கோட்டை என்று மயங்கவேண்டாம். உள்ளே செங்கல், இரும்புச் சட்டம், வெந்நீர்க் குழாய், தொலைபேசி. மேலே பழமை, உள்ளே புதுமை! நம் நாட்டில் எலிகாப்டரிலிருந்து குடமுழுக்குக்குப் பூத் தூவுவதை நினைத்துக்கொண்டேன். கடன் 1 கோடியே 40 இலட்சம் மார்க். ஏறத்தாழ 15 அறைகளே முடிந்திருந்தன. 1886 ஜூன் 13-இல் மன்னன் ஏரியில் இறந்துகிடந்தான். ஆகஸ்டு முதல் நாளே வாயிலைத் திறந்து கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அங்கு உழைத்த தொழிலாளருக்கு நோய்க்கால உதவிக்கென 1870-இலேயே ஒரு சங்கம் இருந்தது. மன்னனும் அதற்குப் பணம் தந்தான். அதையும் சொல்லவேண்டியது முறை.

சனவரியில் பள்ளி திறந்ததும் ஊர்ப்படங்களை வகுப்பில் காட்டினேன். கோட்டைக்குக் கைதட்டினார்கள், பனிக்கு வியந்தார்கள். தண்ணீரில்லாத நீரூற்றைக் காட்டி மரியா ஹோல் கதையைச் சொன்னேன். கடைசி இருக்கையிலிருந்து குரல் வந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு வந்த குரல்.

"விட்டதுக்கு அப்புறம் அந்த அம்மா எங்கே சார் போனாங்க?"

"எங்கும் போகவில்லை அம்மா, அதே ஊரில்தான் இருந்தார்கள்."

"எத்தனை வருஷம்?"

"1634 வரை. நாற்பது ஆண்டு."