ஓன் ஹவுஸா?

சிதம்பரத்தில் பெண் பார்க்கப் போயிருந்தேன். கேசரி முடிந்து காபி வருவதற்குள் பெண்ணின் அப்பா கேட்டுவிட்டார்: "தம்பிக்குத் திருப்பாதிரிப்புலியூர்ல ஓன் ஹவுஸா?"

'ஓன்' என்றால் சொந்தம். பின்னால் ஓர் 'அப்' சேர்த்தால் உண்மையை ஒப்புக்கொள்வது. முன்னால் 'ஆன் மை' சேர்த்தால் தன்னந்தனியாக. அன்று மூன்றும் எனக்கு வரிசையாக வந்தன. சொந்த வீடு இல்லை என்று ஒப்புக்கொண்டேன். காபியோடு ஜாதகமும் திரும்பி வந்தது. கூட வந்த தரகர் அங்கேயே தங்கிவிட்டார், அவர் பையில் இன்னொரு வரன் இருந்ததாம். தனியாகப் பஸ் ஏறினேன்.

கடலூர் முதுநகரைத் தாண்டும்போது ஒரே வயிற்றெரிச்சல். இதே ஊரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் எப்படி 'ஓன்' பண்ணினான் தெரியுமோ? 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. எந்தப் பீரங்கியைப் பொறுக்கி எடுத்திருப்பான் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கடலூரே உள்ளே வந்துவிட்டது. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பேர்.

நமக்கு அரை கிரவுண்டுக்கே லோன் கிடைக்க மாட்டேன் என்கிறது.

வாசலில் ஹவுஸ் ஓனர் ஈஸிசேரில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு. "இருபது வருஷமா இருக்கீங்க. நம்ம வீடுதான்னு தைரியமா சொல்ல வேண்டியதுதானே தம்பி?"

கண் கலங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பினேன்.

"அப்புறம் தம்பி... அடுத்த மாசத்திலேர்ந்து வாடகை ஐந்நூறு கூட."