கடலுக்குக் கொடுத்த சிறகுகள்

கனடா நாட்டின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்றொரு பெருந்தீவு உண்டு. அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் நகருக்கு அருகே, கடலை நோக்கி நீண்டு நிற்கும் பாறைமுனைக்குக் கேப் ஸ்பியர் என்று பெயர். கனடாவின் கிழக்குக் கோடி அதுவே. 1836-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கம் ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. எதிரே அட்லாண்டிக் பெருங்கடல். அடிக்கடி மூடுபனி எழுந்து கடலையும் வானையும் ஒன்றாக்கிவிடும். அக்கரையில் உள்ள அயர்லாந்தோ ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால்.

இம்முனைக்கு உங்களை மனத்தால் அழைத்துச் செல்வது அதன் அழகைக் காட்டுவதற்கு மாத்திரமன்று. அங்கே நின்று கடலைப் பார்த்திருந்த ஒரு முதியவரின் துயரைச் சொல்வதற்காகவுமே.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வாழ்ந்த மேனார்ட் ஹில் என்பார் உலோகவியல் கற்றவர். ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானங்களைச் செய்வதிலே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். எழுபது வயதைக் கடந்து, கண்பார்வை மிக மங்கி, செவியும் குன்றிய காலத்தில், தம் கையால் செய்த சிறு விமானம் அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும் என்று உறுதி பூண்டார். கண் உதவாத இடத்தில் விரல்கள் உதவின. பால்சா எனும் இலேசான மரத்தைத் தடவித் தடவியே இழைத்தார். மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சிறகின்மேல் போர்த்தினார்.

சாதனையாக ஏற்கப்பட வேண்டுமாயின் எரிபொருளையும் சேர்த்து 5 கிலோவுக்கு மேல் எடை இருத்தலாகாது என்பது அன்றைய விதி. அதில் ஏறத்தாழப் பாதி எரிபொருளுக்கே போய்விடும். எஞ்சிய பாதிக்குள் சிறகும் எஞ்சினும் வழிகாட்டும் கருவிகளும் அடங்க வேண்டும். புறப்படுகையில் ஒருவர் கையிலுள்ள ரேடியோ கருவியால் விமானத்தை மேலேற்றுவார். பின்னர் அது செயற்கைக்கோள்களின் துணையால் தன் திசையைத் தானே பற்றிச் செல்லும். அக்கரையை அடைந்ததும் இன்னொருவர் தம் கருவியால் அதைக் கீழிறக்க வேண்டும்.

2002 ஆகஸ்டில் அவருடைய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேப் ஸ்பியரிலிருந்து பறந்தன. ஒன்றேனும் கரை சேரவில்லை. திடலில் விழுந்த மாதிரி விமானமாயின், ஒடிந்த சிறகைப் பொறுக்கியெடுத்து வீட்டுக்குக் கொண்டு வரலாம். பிழை எங்கே நேர்ந்தது என்று ஆராயலாம். சில சமயம் மீண்டும் ஒட்டிப் பறக்கவிடவும் செய்யலாம். கடல் அந்த ஆறுதலையும் தரவில்லை. வந்துகொண்டிருந்த தகவல் நின்றது, அவ்வளவே. வாசகரே, மூழ்கியது மரமும் தாளும் மட்டுமா? பல மாத உழைப்பல்லவா அங்கே மூழ்கியது!

மறு ஆண்டு மீண்டும் வந்தார். நான்காவது விமானமும் கைவிட்டுப் போயிற்று. ஐந்தாவதை 2003 ஆகஸ்டு 9 அன்று, இரவு எட்டு மணியை நெருங்கும் வேளையில், 77 வயதான அவர் தம் கையாலேயே காற்றில் ஏவினார். வழியிடையே சில மணி நேரம் தகவல் வரவில்லை. முன்னவற்றைப் போல இதுவும் போயிற்று என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் தகவல் மீண்டும் வந்தது.

இனி அக்கரைக்கு வாருங்கள். அயர்லாந்தின் மேற்கே கிளிஃப்டன் என்ற சிற்றூர். அதன் அருகே மேனின் கடற்கரை. ஆகஸ்டு 11 பிற்பகலில், 38 மணி 52 நிமிடப் பயணத்துக்குப் பின் அந்தச் சிறு விமானம் அங்கே தோன்றியது. காத்திருந்த டேவ் பிரவுன் அதைத் தரையிறக்கினார். கலத்தில் எஞ்சியிருந்த எரிபொருள் மிகச் சிறிதளவே. செய்தி கேட்ட ஹில் தம் மனைவியை அணைத்துக்கொண்டு அழுதார்.

அக்கடற்கரைக்கு அருகிலேயே ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. 1919-இல் அட்லாண்டிக்கை முதன்முதல் நில்லாமல் பறந்து கடந்த ஆல்காக், பிரவுன் என்னும் இருவரும் அதைப் புல்வெளியென்று எண்ணி இறங்கினர். விமானத்தின் மூக்கு சேற்றில் புதைந்தது. இருவரும் காயமின்றித் தப்பினர். மனிதரைச் சுமந்த முதல் வெற்றியும் உடைந்த மூக்கோடுதான் கரை சேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஹில் 2011-இல் காலமானார். ஐந்தாவது விமானத்தை உலகம் போற்றியது. அதற்கு முன் சென்றவையோ கடலுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை இழந்திராவிடில் ஐந்தாவது பிறந்திராது.

உங்கள் இல்லத்திலும் ஒரு பிள்ளை நாள்கணக்கில் செய்த பொருள் ஒரு நொடியில் உடைந்து, அது விம்மி நிற்கலாம். அப்போது, “போகட்டும், கடையில் வேறு வாங்கித் தருகிறேன்” என்று சொல்லிவிடாதீர்கள். அக்கண்ணீர் பொருளுக்காக அன்று, உழைப்புக்காக. சற்று அழ விடுங்கள். பின்பு அருகில் அமர்ந்து, உடைந்த துண்டுகளை அதனோடு சேர்ந்து பொறுக்குங்கள். ஹில்லுக்குக் கிட்டாத பேறு அது.