அரியலூரில் ஒரு அடி கடல்!

அரியலூரில் இறங்கினால் உங்களை முதலில் வரவேற்பது சுண்ணாம்புக்கல் லாரி. ரெண்டாவது, அது கிளப்பிய புழுதி. கடலோ கிழக்கே 80 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். இந்த ஊரில் போய்க் கடல் மீன் வளர்க்கிறார் என் நண்பர். குழம்புக்கு இல்லை ஸார், அழகுக்கு!

சிரிக்காதீர்கள். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரே கடல்தான். நம்பிக்கை இல்லாதவர்கள் வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட் கிளிஞ்சல்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்ததும், 'டைனோசர் முட்டை' என்று ஊரே திரண்டது. 'முட்டையும் இல்லை, கோழியும் இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி இறுகின மண்' என்று நிபுணர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்தது. அந்தக் காலத்துக் கடல் பிராணிகளின் ஓடுதான் சுண்ணாம்புக்கல். அதை அரைத்தால் சிமெண்ட். நீங்கள் மாசாமாசம் தவணை கட்டும் ஃப்ளாட் சுவரிலும் அரியலூர்க் கடல் கொஞ்சம் இருக்கலாம்!

நண்பர் வீட்டுத் தொட்டிக்கு வருவோம். 200 லிட்டர். ரெண்டு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' பட ஹீரோ ஜாதி.

"சமையல் உப்பைக் கொட்டிட்டா போதுமா?" என்றேன்.

"அதுல ரசம் வைக்கலாம், மீன் வளர்க்க முடியாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கலந்த தனி உப்பு இருக்கு. லிட்டருக்கு 35 கிராம். இந்தத் தொட்டிக்கு 7 கிலோ. இந்த ஊர் போர் தண்ணி வேற ஒரே சுண்ணாம்பு. ஆர்.ஓ. தண்ணிலதான் கரைக்கணும்."

உப்பைக் கரைத்த அன்றே மீனை விட்டுவிட முடியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா தொட்டியில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்!

அப்புறம் நம்ம வெயில். 40 டிகிரியில் தொட்டித் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் மீன் உயிரோடு கருவாடு! சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைச்சல்.

"கரண்ட் போனா இன்வெர்ட்டர் மொதல்ல மீனுக்கு. மிச்சம் இருந்தா எனக்கு ஃபேன்" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார் அண்ணி.

கோமாளி மீன் எல்லாமே பிறக்கும்போது ஆண். கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும். அந்த அம்மா மண்டையைப் போட்டால், ஜோடியாக இருந்த ஆண் பெண்ணாக மாறி நாற்காலியில் உட்கார்ந்துவிடும். சீனியாரிட்டி பிரச்னையே கிடையாது. நம்ம ஆபீசும் இருக்கிறதே!

நண்பரிடம் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கடையில் கிடைக்கும் கடல் அழகு மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடித்துக்கொண்டு வரப்பட்டவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு தெளித்து மயக்கியே பிடித்திருக்கிறார்கள். அதனால் அவர் வாங்கியது பண்ணையில் பிறந்த குஞ்சுகளை மட்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். பவளமும் கடல் குதிரையும் அவர் தொட்டியில் கிடையாது. இரண்டுக்கும் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்பு. ஆசைப்பட்டு வாங்கினால் களி தின்ன வேண்டியதுதான்.

"கடலை வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டா, கடல் செய்யற வேலையெல்லாம் நாமதான் செய்யணும்" என்றார் நண்பர். வாராவாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த மீன் பத்து வருஷத்துக்கு மேல் வாழும். பத்து வருஷம் பொறுப்பாக இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டுத் தொட்டி வாங்குங்கள்.

முடியாதென்றால் வாரணவாசிக்கு பஸ் ஏறுங்கள். அங்கே இருக்கும் கடல் பிராணிகளுக்குத் தீனியும் வேண்டாம், இன்வெர்ட்டரும் வேண்டாம்!